எக்ஸ்ரேயில் டிபி, சி.டி.யில் கல்தூசி: ஒரே நெஞ்சுக்கு ஏன் இரண்டு பதில்?

கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். உங்கள் அப்பாவுக்கு 56 வயது. தர்மபுரி மாவட்டத்துப் பென்னாகரம் பக்கத்துக் கிராமத்தில் பிறந்து வளர்ந்தவர். 18 வருடம் கிருஷ்ணகிரி மாவட்டத்துக் கிரானைட் குவாரிகளில் துளை போடும் வேலை. ஐந்து மாதமாக இருமல், மேடு ஏறினால் மூச்சு வாங்குகிறது. எக்ஸ்ரே பார்த்த மருத்துவர் டிபி என்று மாத்திரை தொடங்கினார். சளியில் கிருமி இல்லை. இரண்டு மாதம் கழித்து எடுத்த சி.டி. ரிப்போர்ட் சிலிகோசிஸ் (கல்தூசி படிந்து நுரையீரல் தழும்பாகும் நோய்) என்கிறது. அதன் கடைசி வரியில் எலும்புகள் எல்லாம் அடர்த்தியாகத் தெரிகின்றன, புற்றுநோய் பரவலை விலக்க வேண்டும் என்றும் இருக்கிறது. யார் சொல்வது சரி, படத்தைப் பார்த்து எப்படி ஒரு முடிவுக்கு வருகிறார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள்.

முதலில் ஒன்று. யார் சொல்வது சரி என்று தெரியும்வரை டிபி மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். கல்தூசி படிந்த நுரையீரலில் டிபி வரும் ஆபத்து மற்றவர்களைவிடப் பல மடங்கு அதிகம். அதனால் உங்கள் அப்பா விஷயத்தில் "இதுவா அதுவா" என்பதோடு "இரண்டுமா" என்ற கேள்வியும் இருக்கிறது. சளியில் கிருமி அகப்படாவிட்டாலும் அறிகுறியையும் படத்தையும் வைத்து டிபி சிகிச்சை தொடங்க அரசுத் திட்டத்திலேயே இடம் உண்டு. ஆகவே முதல் மருத்துவர் தவறு செய்துவிட்டார் என்று நினைக்க வேண்டாம். அவர் கையில் இருந்த தகவலுக்கு அது பொருத்தமான முடிவுதான். தகவல் முழுமையாக இருந்ததா என்பதுதான் நான் கேட்கும் கேள்வி.

எக்ஸ்ரே என்பது நிழல். நெஞ்சின் முன்பக்கம், பின்பக்கம், நடுவில் உள்ளது எல்லாம் ஒரே தாளில் ஒன்றன்மேல் ஒன்றாக விழுகிறது. அதில் தெரிவது ஐந்தே சாயல்: காற்று கறுப்பு, கொழுப்பு கருஞ்சாம்பல், தசையும் ரத்தமும் நீரும் வெளிர்சாம்பல், எலும்பும் சுண்ணாம்பும் வெள்ளை, உலோகம் பளிச்சென்ற வெள்ளை. சீழும் ரத்தமும் சளியும் கட்டியும் எக்ஸ்ரேக்கு ஒரே சாயல். நோயின் பெயர் படத்தில் இருக்காது. எந்த இடம், என்ன வடிவம், விளிம்பு எப்படி, எத்தனை, பக்கத்தில் உள்ளவற்றை எப்படி இழுத்திருக்கிறது, போன படத்திலிருந்து எவ்வளவு மாறியிருக்கிறது என்ற விவரங்களைக் கோத்துத்தான் பெயர் சொல்ல வேண்டும்.

படத்தைப் படிப்பதற்கு முன்னால் அது படிக்கத் தகுந்த படமா என்று பார்க்க வேண்டும். அவசரத்தில் பலர் தாண்டிப் போகும் படி இது. பெயர், தேதி, வலது இடது குறி சரியா? நின்றபடி, நெஞ்சைத் தகட்டில் அணைத்து, முதுகுப் பக்கமிருந்து சுமார் ஆறடி தூரத்தில் கதிர் விட்டு எடுத்ததா? படுக்கவைத்து முன்பக்கமிருந்து எடுத்தால் இதயம் பெரிதாகத் தெரியும். இல்லாத இதய வீக்கம் ரிப்போர்ட்டில் ஏறிவிடும். மூச்சை முழுக்க இழுத்தாரா? உதரவிதானத்துக்கு மேலே முன்பக்க விலா எலும்பு ஆறாவது தெரிய வேண்டும். நான்குதான் தெரிகிறது என்றால், அரைமூச்சில் எடுத்த படம். கீழ்ப்பகுதி நெருங்கிச் சளி கட்டியதுபோல் காட்டும். மூச்சு வாங்குகிறவர்களிடம் இது சாதாரணமாக நடக்கும். உடம்பு திரும்பியிருக்கிறதா? இரண்டு காறை எலும்புகளின் உள்முனையும் நடுமுதுகெலும்பின் முள்ளிலிருந்து சம தூரத்தில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஒரு பக்கம் கறுப்பாகவும் மறுபக்கம் வெளுப்பாகவும் விழும். கதிர் போதுமா? இதயத்துக்குப் பின்னால் முதுகெலும்பு மங்கலாகத் தெரிந்தால் சரி.

உடம்பின் மேல் இருப்பதும் படத்தில் விழும். பெண்களின் பின்னல் தோள்மேல் கிடந்தால் நுரையீரலின் உச்சியில் நிழல் விழும். உச்சி நிழல் என்றால் டிபிதான் முதலில் நினைவுக்கு வரும். தாயத்து, மாலையின் கொக்கி, சட்டைப் பொத்தான் எல்லாம் இதே வேலையைச் செய்யும். முலைக்காம்பின் நிழல் கீழ்ப்பகுதியில் உருண்டைக் கட்டிபோல் தெரிவது உண்டு. சந்தேகம் வந்தால் அதன்மேல் சின்ன உலோகக் குறி ஒட்டி இன்னொரு படம் எடுத்தால் தீர்ந்துவிடும். இடுப்பு எக்ஸ்ரே எடுக்கப் போனால் அரைஞாணில் உள்ள தாயத்தைக் கழற்றச் சொல்லுங்கள்.

அப்புறம்தான் படிப்பது. ஒவ்வொருவருக்கும் ஒரு வரிசை இருக்கும், எது என்பதைவிட அதை விடாமல் பின்பற்றுவதுதான் முக்கியம். மூச்சுக்குழாய் நடுவில் இருக்கிறதா, இதயத்தின் விளிம்புகள் கூர்மையா, நுரையீரல் வேர்ப்பகுதி (மூச்சுக்குழாயும் ரத்தக்குழாய்களும் உள்ளே நுழையும் இடம்) இருபுறமும் சமமா, உதரவிதானத்தின் மூலைகள் கூர்மையா மழுங்கியா, விலா எலும்புகள் ஒவ்வொன்றும் முழுசா என்று போக வேண்டும். நுரையீரலை மேல், நடு, கீழ் என்று மூன்றாகப் பிரித்து இடதையும் வலதையும் ஒப்பிட வேண்டும். கண்ணுக்குத் தப்பும் இடங்கள் நான்கு: காறை எலும்புக்குப் பின்னால் உள்ள உச்சி, வேர்ப்பகுதி, இதயத்துக்குப் பின்புறம், உதரவிதானத்துக்குக் கீழே மறைந்திருக்கும் நுரையீரல். ஒரு கோளாறு கிடைத்துவிட்டால் கண் அதோடு திருப்தியடைந்து தேடுவதை நிறுத்திவிடும். அதனால்தான் ஒன்று கிடைத்த பிறகு இந்த நான்கு இடங்களையும் மறுபடி பார்க்க வேண்டும் என்று பயிற்சியில் சொல்லித் தருகிறார்கள்.

விளிம்பு மறைவது ஒரு பெரிய துப்பு. ஒரே சாயலுள்ள இரண்டு பொருள் ஒட்டினாற்போல் இருந்தால் நடுக்கோடு தெரியாது. வலது இதய விளிம்பு மறைந்தால் நோய் வலது நுரையீரலின் நடுமடலில். உதரவிதானக் கோடு மறைந்தால் கீழ்மடலில். ஒன்றன்மேல் ஒன்று விழுந்த நிழல்களில் எது முன்னே எது பின்னே என்று இப்படித்தான் கண்டுபிடிப்பார்கள்.

உங்கள் அப்பாவின் படத்துக்கு வருகிறேன். எக்ஸ்ரே ரிப்போர்ட்டில் "இருபுறமும் மேல்பகுதியில் சிறு முடிச்சு நிழல்கள்" என்று இருக்கிறது. டிபியும் மேல்பகுதியில்தான் உட்காரும், சிலிகோசிஸும் அங்கேதான். ஆனால் இரண்டும் அங்கே வந்து சேரும் வழி வேறு. வழி வேறு என்பதால் அடையாளமும் வேறு.

கல்தூசியில் ஐந்து மைக்ரானுக்குக் குறைந்த துகள்தான் காற்றறை வரை போகும். கண்ணுக்குத் தெரியும் தூசி மூக்கிலும் தொண்டையிலுமே நின்றுவிடும். அந்த நுண்துகளைத் துப்புரவுச் செல்கள் விழுங்கி நிணநீர்ப் பாதை வழியாக வெளியேற்றப் பார்க்கும். சிலிகா அந்தச் செல்லையே கொன்று வெளியே வந்து, அடுத்த செல்லைக் கொல்லும். ஒவ்வொரு இடத்திலும் வட்டமான தழும்பு உருவாகும். மேல்பகுதியில் நிணநீர் ஓட்டம் மந்தம் என்பதால் அங்கே தேங்கும். ஆகவே சிலிகோசிஸ் முடிச்சுகள் உருண்டை, விளிம்பு தெளிவு, இருபுறமும் ஏறக்குறைய சமம், மேல்பகுதியின் பின்புறத்தில் அதிகம். நுரையீரல் உறையை ஒட்டியும் ரத்தக்குழாய்களை ஒட்டியும் வரிசை கட்டி நிற்கும். தூசி கடைசியில் போய்ச் சேருவது நிணநீர்க் கணுக்களில். அவை வீங்கி, சிலருக்கு ஓரத்தில் மட்டும் சுண்ணாம்பு படிந்து முட்டை ஓடுபோல் வளையமாகத் தெரியும். நூற்றுக்கு ஐந்து பேர் அளவில்தான் இந்த வளையம் வரும், ஆனால் வந்தால் மிக வலுவான துப்பு.

டிபி கிருமி மூச்சுக்குழாய் வழியாகப் பரவுகிறது. அதனால் ஒரு பக்கம் அதிகம், மறுபக்கம் குறைவு என்று ஏறுமாறாக இருக்கும். மேல்மடலின் உச்சியும் பின்பகுதியும், கீழ்மடலின் மேல்முனையும் அதற்குப் பிடித்த இடங்கள். சிறு குழாய்களில் சீழ் நிரம்பி, சி.டி.யில் மொட்டு விட்ட மாங்கிளைபோல் கிளைகிளையாகப் புள்ளிகள் தெரியும். குழி விழும். ஒரு பக்க நெஞ்சுக்கூட்டில் நீர் கோக்கும். ரத்தத்தில் பரவிய டிபியில் மட்டும் புள்ளிகள் ஒரே சீராக நுரையீரல் முழுக்க இறைந்திருக்கும். "மிலியரி" என்ற பெயரே சிறுதானிய மணியிலிருந்து வந்ததுதான். இந்த வடிவம் சிலிகோசிஸைப் போலவே இருக்கும், ஆனால் மிலியரி டிபி வந்தவர் பெரும்பாலும் காய்ச்சலும் உடல் மெலிவுமாக, பார்த்தாலே நோயாளி என்று தெரியும் நிலையில் இருப்பார். படம் இவ்வளவு மோசம், ஆள் நடமாடிக்கொண்டு இருக்கிறார் என்றால் தூசி நோயைத்தான் முதலில் நினைக்க வேண்டும்.

தூசி நோய் எக்ஸ்ரேயைப் படிக்க சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு ஒரு முறை வைத்திருக்கிறது. மாதிரிப் படங்களைப் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டு எழுத வேண்டும். உருண்டைப் புள்ளி ஒன்றரை மில்லிமீட்டர் வரை என்றால் பி (p). ஒன்றரை முதல் மூன்று வரை கியூ. மூன்று முதல் பத்து வரை ஆர். நம் ஊர் அளவில் சொன்னால் ராகி மணி பி-க்கும் கியூ-வுக்கும் எல்லையில் நிற்கும், பச்சைப்பயறு ஆர். எவ்வளவு நெருக்கமாக இருக்கிறது என்பதற்கு பூஜ்யம் முதல் மூன்று வரை, உட்பிரிவுகளோடு 12 படிகள். பத்து மில்லிமீட்டரைத் தாண்டினால் அது பெரிய நிழல், அதற்கு ஏ, பி, சி (A, B, C) என்று தனிப் பிரிவு. ரிப்போர்ட்டில் "2/2, கியூ ஆர்" என்று இருந்தால் நெருக்கம் இரண்டு, புள்ளிகள் பெரும்பாலும் கியூ, அடுத்தபடியாக ஆர் என்று பொருள். நஷ்டஈடு கேட்கும்போது இந்த எண் உதவும். சாதாரண ரிப்போர்ட்டில் இதை எழுதுவதில்லை, கேட்டு எழுதி வாங்குங்கள்.

முடிச்சுகள் ஒன்றோடொன்று சேர்ந்து பெரிய கட்டியாவதும் உண்டு. அதன் வெளிவிளிம்பு விலா வளைவுக்கு இணையாக இருக்கும். வருடங்கள் போகப் போக வேர்ப்பகுதியை நோக்கி நகர்ந்து, தான் விட்ட இடத்தில் காற்றுப் பைகளை விட்டுச் செல்லும். இதைப் பார்த்துப் புற்றுநோய் என்று பயப்படுவதும் நடக்கும். இருபுறமும் இருக்கிறதா, சுற்றிலும் சிறு முடிச்சுகள் உண்டா, பழைய படத்திலும் இருந்ததா என்பதைக் கொண்டு பிரிக்கலாம். சர்க்கரையை அதிகம் இழுக்கும் திசுவை ஒளிரக் காட்டும் பெட் ஸ்கேன் இங்கே பெரும்பாலும் பண விரயம்: தூசிக் கட்டியும் ஒளிரும், டிபியும் ஒளிரும், புற்றுநோயும் ஒளிரும். எம்.ஆர்.ஐ.யில் டி2 வகைப் படத்தில் தழும்புக் கட்டி கறுப்பாகவும் புற்றுநோய் அதைவிட வெளிச்சமாகவும் தெரிவது ஓரளவு உதவும். இருந்தாலும் ஒரே ஒரு கட்டி மட்டும் மற்றவற்றைவிட வேகமாக வளர்ந்தால் ஊசி வைத்துச் சதை எடுத்துப் பார்ப்பதைத் தள்ளிப் போடக் கூடாது. சிலிகா தூசியே புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் வகுப்பில்தான் இருக்கிறது.

சி.டி. ஏன் அதிகம் சொல்கிறது? நெஞ்சை ஒரு மில்லிமீட்டர் கனத்தில் வாழைத்தண்டு அரிவதுபோல் அரிந்து காட்டுவதால் நிழல்மேல் நிழல் விழுவதில்லை. ஒவ்வொரு புள்ளிக்கும் அடர்த்தி எண் உண்டு: காற்று மைனஸ் 1000, தண்ணீர் பூஜ்யம், கொழுப்பு மைனஸ் 100 அருகில், கெட்டி எலும்பு ஆயிரத்தைத் தொடும். இவ்வளவு அகலமான அளவைக் கண் ஒரே நேரத்தில் பிரித்தறியாது. அதனால் ஒரு பகுதியை மட்டும் விரித்துக் காட்டுவார்கள். நுரையீரலுக்கு மைனஸ் 600-ஐ நடுவாக வைத்து 1500 அகலம், கணுக்களுக்கும் ரத்தக்குழாய்களுக்கும் 40-ஐ நடுவாக வைத்து 400 அகலம், எலும்புக்கு வேறொன்று. முதல் அமைப்பில் முடிச்சுகள் தெளிவாகத் தெரியும், கணுவின் சுண்ணாம்பு வளையம் தெரியவே தெரியாது. ஒரே சி.டி.யை மூன்று முறை மேலிருந்து கீழாகப் படிக்க வேண்டியிருப்பது இதனால்தான்.

இங்கே நடைமுறையில் ஒரு சிக்கல். நெஞ்சு சி.டி. என்றால் முந்நூறு படம் வரும். உங்கள் கையில் கொடுக்கும் ஃபிலிமில் அதில் பொறுக்கி எடுத்த சில டஜன் மட்டுமே. அதைக் கைப்பேசியில் படம் பிடித்து வாட்ஸாப்பில் அனுப்பினால் ஒன்றரை மில்லிமீட்டர் முடிச்சு காணாமலே போய்விடும், ஃபிலிமில் விழுந்த டியூப்லைட் வெளிச்சம் புது நிழலாகிவிடும். ஸ்கேன் எடுத்த இடத்தில் குறுந்தகடு அல்லது பென்டிரைவில் டைகாம் (மருத்துவப் படங்களுக்கான கணினிக் கோப்பு) வடிவத்தில் முழுப் பதிவையும் கேட்டு வாங்குங்கள். இரண்டாவது கருத்து கேட்பதாக இருந்தால் அதைத்தான் கொடுக்க வேண்டும்.

இரண்டு மருத்துவர் ஏன் இரண்டு விதமாகப் படித்தார்கள் என்ற கேள்விக்கு, என் கணிப்பில், பதில் சீட்டில் இருக்கிறது. எக்ஸ்ரே கோரிக்கைச் சீட்டில் "நாள்பட்ட இருமல், டிபியா?" என்று இருந்திருக்கும். மேல்பகுதி முடிச்சும் அந்தக் கேள்வியும் சேர்ந்தால் நம் நாட்டில் டிபி என்று எழுதுவது இயல்பு. சி.டி. எடுக்கும்போது யாரோ "குவாரி வேலை" என்று சொல்லியிருப்பார்கள். அந்த இரண்டு வார்த்தைதான் ரிப்போர்ட்டைத் திருப்பியிருக்கிறது. நெஞ்சு அதேதான்.

தொழிலைச் சொல்லும்போதும் "கல் வேலை" என்றால் போதாது. துளை போட்டாரா, அறுத்தாரா, பாலிஷ் போட்டாரா, கிரஷரில் நின்றாரா? தண்ணீர் விட்டுத் துளைத்தாரா, காய்ந்த துளையா? காய்ந்த துளையில்தான் தூசி கொட்டும். எந்தக் கல்? இது இந்த இரண்டு மாவட்டத்துக்கே உரிய கேள்வி. கறுப்பு கிரானைட் என்று விற்கப்படும் கல் பெரும்பாலும் டோலரைட். அதில் குவார்ட்ஸ் மிகக் குறைவு. கிருஷ்ணகிரி மாவட்டத்தில் வெட்டும் பாரடைசோ போன்ற வரிவரியான வண்ணக் கல்லிலும் உண்மையான கிரானைட்டிலும் குவார்ட்ஸ் நிறைய. கிரானைட் என்ற பெயருக்கே குறைந்தது ஐந்தில் ஒரு பங்கு குவார்ட்ஸ் இருக்க வேண்டும் என்பது பாறையியல் வரையறை. 18 வருடம் கறுப்புக் கல்லில் மட்டும் இருந்தவருக்கும் வண்ணக் கல்லில் இருந்தவருக்கும் ஆபத்து ஒன்றல்ல. வழக்கமான சிலிகோசிஸ் வெளிப்படப் பத்து வருடத்துக்கு மேல் ஆகும். வேலையை விட்டு வந்த பிறகும் படத்தில் கூடிக்கொண்டே போகலாம். எனவே "அப்பா வேலையை விட்டு ஆறு வருடம் ஆச்சே" என்று அதைச் சொல்லாமல் விட்டுவிடாதீர்கள்.

அடுத்தது பழைய படம். டிபி வாரக்கணக்கிலும் மாதக்கணக்கிலும் மாறும், சிலிகோசிஸ் வருடக்கணக்கில். ஐந்து வருடத்துக்கு முன் காய்ச்சலுக்கு எடுத்த எக்ஸ்ரே வீட்டில் பரணில் கிடந்தாலும் தேடி எடுங்கள். அதிலும் இதே முடிச்சுகள் இருந்தால் பாதிக் கேள்வி தீர்ந்தது. இரண்டு மாதத்தில் புதிதாக ஒரு பக்கம் மட்டும் நிழல் கூடியிருந்தாலோ, குழி விழுந்திருந்தாலோ, நீர் கோத்திருந்தாலோ, மாங்கிளை வடிவம் சேர்ந்திருந்தாலோ, சிலிகோசிஸின் மேல் டிபி ஏறியிருக்கிறது என்று எடுத்துக்கொண்டு தேட வேண்டும்.

தேடுவது சளியில். சி.டி.யால் டிபியைச் சந்தேகிக்க முடியும், நிரூபிக்க முடியாது. நுண்ணோக்கியில் கிருமி தெரிய வேண்டுமென்றால் ஒரு மில்லி சளியில் ஐயாயிரம் முதல் பத்தாயிரம் கிருமி இருக்க வேண்டும். அதனால் "சளியில் இல்லை" என்ற சீட்டு எந்தப் பரிசோதனையைச் சொல்கிறது என்று பாருங்கள். கண்ணாடித் தகடு மட்டும் என்றால் போதாது. கிருமியின் மரபணுவைத் தேடும் சிபிநாட் அல்லது ட்ரூநாட் செய்ய வேண்டும், அரசு டிபி திட்டத்தில் இது இலவசம். காலையில் எழுந்ததும் வாயை வெறும் தண்ணீரில் கொப்பளித்துவிட்டு, இரண்டு மூன்று முறை ஆழமாக மூச்சிழுத்து, அடி நெஞ்சிலிருந்து காறித் துப்பிய கெட்டிச் சளி 2 முதல் 5 மில்லி வேண்டும். நுரையும் எச்சிலுமாகக் கொடுத்தால் நல்ல இயந்திரமும் இல்லை என்றுதான் சொல்லும். சளி வராதவர்களுக்கு உப்புநீர் ஆவி பிடிக்கவைத்து எடுக்கலாம், அல்லது மூச்சுக்குழாய்க்குள் குழாய் விட்டுக் கழுவி எடுக்கலாம். வளர்ப்புப் பரிசோதனை முடிவுக்கு ஆறு வாரம் வரை ஆகும். அப்பா ஏற்கெனவே இரண்டு மாதம் மாத்திரை சாப்பிட்டிருப்பதால் இப்போது கிருமி வளராமல் போகலாம், நாட் வகைப் பரிசோதனையில் செத்த கிருமியும் "உண்டு" என்று காட்டலாம். மருத்துவர் இதையெல்லாம் கணக்கில் வைத்துத்தான் முடிவு சொல்வார்; மாத்திரை தொடங்கிய தேதியை மறக்காமல் சொல்லுங்கள்.

இன்னொரு எச்சரிக்கை. சிலிகோசிஸ் முடிச்சு தழும்பு. எந்த மாத்திரைக்கும் கரையாது. ஆறு மாதம் டிபி மருந்து சாப்பிட்டும் எக்ஸ்ரே மாறவில்லை என்றால், அதை மட்டும் வைத்து மருந்துக்கு அடங்காத டிபி என்று முத்திரை குத்திக் கடுமையான மருந்துகளுக்கு மாற்றக் கூடாது. அதற்குக் கிருமியின் மருந்து எதிர்ப்பைக் காட்டும் பரிசோதனை முடிவு வேண்டும். உண்மையில் இரண்டும் சேர்ந்திருந்தால் சிகிச்சைக் காலத்தை மருத்துவர் நீட்டிக்கலாம். முடிச்சும் கணு வீக்கமும் சார்காய்டோசிஸ் என்ற நோயிலும் ஏறக்குறைய இதேபோல் வரும். தொழில் விவரம் அங்கேயும் பிரித்துக் காட்டும்.

இனி எலும்பு. உங்களை அதிகம் பயமுறுத்தியிருப்பது இந்த வரிதான் என்று தெரிகிறது. 56 வயது ஆணுக்கு எலும்புகள் வெளுத்துத் தெரிந்தால் புராஸ்டேட் புற்றுநோய் பரவலை நினைப்பது கதிரியக்க மருத்துவரின் கடமை. அவர் அதைக் கண்டுபிடித்ததாக எழுதவில்லை, விலக்கச் சொல்லியிருக்கிறார். ஆனால் பென்னாகரத்தில் பிறந்து வளர்ந்து போர் தண்ணீர் குடித்தவர் என்று அவருக்குத் தெரிந்திருந்தால் முதல் வரியில் வேறு பெயர் வந்திருக்கும்: ஃபுளோரோசிஸ், அதாவது தண்ணீரில் உள்ள ஃபுளோரைடு எலும்பிலும் பல்லிலும் சேர்வதால் வரும் நோய். தர்மபுரி, கிருஷ்ணகிரி இரண்டும் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு மிகுந்த மாவட்டங்கள். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தின் பெயரிலேயே ஃபுளோரோசிஸ் தடுப்பும் சேர்ந்திருக்கிறது. அந்தத் தண்ணீர் 2013-இல்தான் வந்தது. அதற்கு முன் நாற்பது வருடத்துக்கு மேல் குடித்தது எலும்பில் இருக்கிறது. குடிநீரில் லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை ஏற்கலாம், வேறு வழி இல்லாவிட்டால் ஒன்றரை வரை என்பது இந்தியத் தர நிர்ணயம். எலும்பு ஃபுளோரோசிஸை இந்தியாவில் முதலில் விவரித்ததே பழைய சென்னை மாகாணத்தில்தான், 1937-இல், நெல்லூர்ப் பகுதியில்.

இரண்டையும் படத்தில் பிரிப்பது எப்படி? புற்றுநோய்ப் பரவல் திட்டுத்திட்டாக இருக்கும்: ஒரு முதுகெலும்பு வெள்ளை, அடுத்தது சாதாரணம், இடுப்பில் அங்கொன்று இங்கொன்று. ஃபுளோரோசிஸில் முதுகெலும்பு, விலா, இடுப்பு எல்லாம் சுண்ணாம்பு அடித்ததுபோல் ஒரே சீராக வெளுத்திருக்கும். எலும்பைவிடத் தசைநார்தான் தெளிவாகக் காட்டிக்கொடுக்கும். முன்கையின் இரண்டு எலும்புகளுக்கு நடுவே உள்ள சவ்வில் எலும்பு முளைத்து, வேலியில் முள் நீட்டியதுபோல் தெரிந்தால் அது புற்றுநோயின் வேலை அல்ல. இடுப்பின் அடிப்பகுதித் தசைநார்களிலும் இதே சுண்ணாம்பு ஏறும். ஆகவே பெரிய ஸ்கேனுக்கு ஓடுவதற்கு முன்னால் முன்கைக்கும் இடுப்புக்கும் சாதாரண எக்ஸ்ரே எடுக்கக் கேளுங்கள். சில நூறு ரூபாய்க் காரியம், பதில் பெரும்பாலும் அங்கேயே கிடைத்துவிடும். கூடவே ரத்தத்தில் பி.எஸ்.ஏ. (புராஸ்டேட்டுக்கான பரிசோதனை), கிரியாட்டினின் (சிறுநீரகத்துக்கு), கால்சியம், அல்கலைன் பாஸ்பட்டேஸ். நீண்டநாள் சிறுநீரகக் கோளாறும் எலும்பை இப்படி வெளுக்க வைக்கும். சிறுநீரில் ஃபுளோரைடு அளவும், அவர் முன்பு குடித்த கிணறு அல்லது போரின் தண்ணீர்ப் பரிசோதனையும் கிடைத்தால் இன்னும் நல்லது. எலும்பு ஸ்கேன் ஃபுளோரோசிஸிலும் உடம்பு முழுக்க ஒளிரும் என்பதால் தனியாக எடுத்துப் பயப்பட வேண்டாம்.

அப்பாவின் பல்லையும் பாருங்கள். முன்பல்லில் குறுக்கே பழுப்புப் பட்டை இருந்தால், பல் உருவாகும் எட்டு வயதுக்குள்ளேயே அந்தத் தண்ணீர் குடித்திருக்கிறார் என்று அர்த்தம். பெரியவரான பிறகு குடிவந்தவர்களுக்குப் பல் சுத்தமாக இருந்தும் எலும்பு கெட்டியாகியிருக்கலாம். பல் நன்றாக இருப்பதால் ஃபுளோரோசிஸ் இல்லை என்று சொல்ல முடியாது. இவர்களுக்கு எலும்பு அடர்த்தி ஸ்கேன் எடுத்தால் "நல்ல பலம்" என்று வரும். அதை நம்பாதீர்கள், அடர்த்தி கூடினாலும் தரம் குறைந்த எலும்பு அது. கழுத்து திருப்ப முடியாமல் இறுகியிருந்தாலோ, கால் விறைத்து நடை தடுமாறினாலோ, கை மரத்துப்போனாலோ, சிறுநீர் போவதில் சிரமம் இருந்தாலோ முதுகுத்தண்டை எலும்பு நெருக்குகிறதா என்று எம்.ஆர்.ஐ. பார்க்க வேண்டும். இதைத் தள்ளிப் போடக் கூடாது.

ரிப்போர்ட்டில் வரும் சில சொற்களின் எடையைத் தெரிந்துகொள்ளுங்கள். "சஜஸ்டிவ் ஆஃப்" என்றால் வலுவாக அந்தப் பக்கம் சாய்கிறது. "பாசிபிள்" என்றால் இருக்கலாம், பந்தயம் கட்ட மாட்டேன். "ரூல் அவுட்" என்றால் இல்லை என்று உறுதி செய்துகொள்ளுங்கள். "க்ளினிக்கல் கோரிலேஷன்" என்றால் நோயாளியைத் தொட்டுப் பார்த்த மருத்துவர்தான் இதை முடிக்க வேண்டும், எனக்கு இன்னும் விவரம் தேவை. கடைசியில் உள்ள "இம்ப்ரெஷன்" மட்டும் படித்துவிட்டு மேலே உள்ள விவரத்தை விட்டுவிடாதீர்கள். கணுக்களில் சுண்ணாம்பு உண்டா, குழி உண்டா என்பது அங்கேதான் இருக்கும்.

கதிர்வீச்சைப் பற்றி ஒரு வார்த்தை. நெஞ்சு எக்ஸ்ரே ஒன்று 0.1 மில்லிசீவர்ட்டுக்குள், நெஞ்சு சி.டி. சுமார் 5 முதல் 7; இயற்கையாகவே வருடத்துக்கு உலக சராசரியாக 2.4 நம்மேல் விழுகிறது. அப்பாவுக்கு இன்னொரு சி.டி. உடனே தேவையில்லை, இருக்கும் சி.டி.யை மறுபடி படித்தால் போதும். சளி முடிவு வந்த பின் எக்ஸ்ரேயை வைத்தே தொடரலாம். நுரையீரலை மெல்லிய துண்டுகளாகக் காட்டும் சி.டி.க்கு ரத்தக்குழாயில் சாய மருந்து ஏற்ற வேண்டியதில்லை.

தர்மபுரி அரசு மருத்துவக் கல்லூரி 2008-லிருந்தும் கிருஷ்ணகிரியில் 2022-லிருந்தும் இருக்கின்றன. அங்கே நெஞ்சுநோய்ப் பிரிவில் காட்டி, மூச்சுத் திறன் பரிசோதனையும் செய்துகொள்ளுங்கள். படம் எவ்வளவு மோசம் என்பதும் மூச்சு எவ்வளவு குறைந்திருக்கிறது என்பதும் எப்போதும் ஒத்துப் போகாது. சிலிகோசிஸ் உறுதியானால் மறுபடி தூசியில் நிற்கக் கூடாது, பீடியை விட வேண்டும். திடீரென்று ஒரு பக்கம் நெஞ்சு வலித்து மூச்சு முட்டினால் காற்றுப் பை உடைந்து நுரையீரல் சுருங்கியிருக்கலாம். ரத்தம் துப்பினாலும் சரி, இதற்கும் சரி, அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும். 1923 ஊழியர் இழப்பீட்டுச் சட்டத்தின் தொழில்நோய்ப் பட்டியலில் இந்த நோய் இருந்தது, அதன் இடத்தில் வந்த 2020 சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பின் பட்டியலிலும் இருக்கிறது. சம்பளச் சீட்டு, அடையாள அட்டை, வருகைப் பதிவு என்று வேலை பார்த்ததற்கான எந்தத் தாள் இருந்தாலும் ஃபிலிமோடு சேர்த்துப் பத்திரப்படுத்துங்கள்.

அடுத்த முறை எந்தப் படம் எடுத்தாலும், யாரிடம் மறுபடி படிக்கக் கொடுத்தாலும், கோரிக்கைச் சீட்டில் இதை எழுதித் தரும்படி மருத்துவரிடம் கேளுங்கள்: "56 வயது ஆண். 18 வருடம் கிரானைட் குவாரியில் துளை போடும் வேலை (எந்தக் கல், காய்ந்த துளையா ஈரத் துளையா), விட்டு இத்தனை வருடம். பென்னாகரம் வட்டத்தில் 2013 வரை போர் தண்ணீர். டிபி மாத்திரை தொடங்கிய தேதி இது. சளி, கண்ணாடித் தகடு: இல்லை, சிபிநாட்: இன்னும் செய்யவில்லை. பழைய எக்ஸ்ரே இணைப்பில். கேள்வி: சிலிகோசிஸ் மட்டுமா, மேலே டிபியும் உண்டா? எலும்பு அடர்த்தி ஃபுளோரோசிஸா?"